கருவி விவரிப்பின் எல்லை: சுங்கை பினாங் நீர்மட்டத்தை முன்வைத்து

செயற்கை நுண்ணறிவு முகவரிடம் ஒரு கருவியை ஒப்படைக்கும்போது உள்ளீட்டின் வடிவத்தை வரையறுக்கும் ஸ்கீமா திருத்தமாக இருந்தால் போதும், விவரிப்பு ஒரு வரியில் அடங்கலாம் என்ற கருத்து ஆய்வாளர் சிலரிடம் வேரூன்றியிருக்கிறது. 2024 நவம்பரில் வெளியான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலையே அவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். அதில் கருவியின் பெயரும் இன்புட் ஸ்கீமாவும் கட்டாயம், விவரிப்பு விருப்பம். விவரிப்பை மாடலுக்கான ஒரு குறிப்புப் போலக் கருதலாம் என்றும் அந்த விதித்தொகுப்பு சொல்கிறது. கட்டாயமும் இல்லை, குறிப்பு மட்டுமே. ஆகவே அது இரண்டாம் நிலையானது என்பது அவர்கள் வாசிப்பு. அந்த வாசிப்பை ஏற்க இயலவில்லை.

இரண்டு மென்பொருள்கள் தடங்கலின்றிப் பேசிக்கொள்வதற்காக எழுதப்பட்டது அந்த விதித்தொகுப்பு. விவரிப்பு இல்லாவிட்டாலும் அந்தப் பேச்சு அறுபடாது. விருப்பம் என்பதற்கு அங்கே அவ்வளவுதான் பொருள். எந்தக் கருவியை அழைப்பது, அழைக்கத்தான் வேண்டுமா என்ற தீர்மானம் மாடலுடையது. ஸ்கீமாவைக் கொண்டு உள்ளீட்டைச் சரிபார்ப்பது அதற்குப் பின்புதான் நடக்கிறது. ஸ்கீமாவும் மாடலின் பார்வைக்கு வருகிறது, அதிலிருந்து மாடல் நிறையவே ஊகித்துக்கொள்கிறது என்பதை மறுக்கவில்லை. ஊகிக்க முடியாதது எது என்பதுதான் கேள்வி.

மலேசிய வடிகால், நீர்ப்பாசனத் துறை ஆற்று நீர்மட்டங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுகிறது. அத்தகைய தரவின்மேல் ஒரு கருவி அமைத்து, ‘ஆற்றின் தற்போதைய நீர்மட்டத்தைத் தரும், உள்ளீடு: இடத்தின் பெயர்’ என்று எழுதிவிடுவதாகக் கொள்வோம். ஜார்ஜ் டவுனின் ஜெலுத்தோங் பகுதியில் குடியிருப்பவர் ஒருவர், “சுங்கை பினாங்கில தண்ணி ஏறுதா?” என்று கேட்கிறார். பினாங்குத் தீவில் சுங்கை பினாங் இரண்டு. ஒன்று வடகிழக்கு மாவட்டத்தில் ஜார்ஜ் டவுன் வழியே கடலுக்குப் போகும் ஆறும் அதையொட்டிய குடியிருப்பும். மற்றொன்று மலைத்தொடருக்கு அப்பால், தென்மேற்கு மாவட்டத்தில் பாலிக் புலாவ் பக்கத்துக் கிராமம். முகவர் தவறானதை எடுத்தாலும் எழுத்துத்தொடர் எழுத்துத்தொடராகத்தான் போய்ச் சேர்கிறது. சரிபார்ப்பு எதுவும் தடுக்காது. அனுமதித்த பெயர்களை ஸ்கீமாவிலேயே பட்டியலிட்டுவிடலாமே என்பார்கள். பட்டியல் எழுத்துப்பிழையைத் தடுக்கும். இரண்டுமே பட்டியலில் இருக்கும்போது எது கேட்டவருடையது என்று அது சொல்லாது.

சரியான இடமே கிடைத்தாலும் விடையாக வருவது மீட்டரில் ஓர் எண். இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்னும் நான்கு நிலைகளின் வரம்பு நிலையத்துக்கு நிலையம் வேறு. ஓரிடத்தில் இயல்பாக இருக்கும் மட்டம் இன்னோரிடத்தில் வெள்ளம். போதாததற்கு, சுங்கை பினாங்கின் கீழ்ப்பகுதி கடலின் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்டது. மழையே இல்லாத நாளிலும் மட்டம் உயரும். ஆயர் ஈத்தாம் பக்கம் கொட்டும் மழைநீர் வந்து சேரும் வேளையில் கடலும் ஏறியிருந்தால் தண்ணீர் வடிய வழியில்லை. அப்போதுதான் ஜாலான் பி. ரம்லி போன்ற தாழ்ந்த இடங்கள் மூழ்குகின்றன. 2017 நவம்பர் 4 வெள்ள இரவைக் கண்டவர்களுக்கு இதன் கனம் தெரியும். ஸ்கீமாவின் வகை விதிகள் இவற்றில் எதையும் சொல்லிவிடா.

ஆகவே விவரிப்பு குறைந்தது இப்படி இருக்க வேண்டும்: ‘ஒரு நிலையத்தில் கடைசியாகப் பதிவான நீர்மட்டம், பதிவான நேரம், அந்நிலையத்தின் நான்கு வரம்புகள் ஆகியவற்றைத் தரும். முன்கணிப்பு தராது, மழையளவுக்கு இதைப் பயன்படுத்தாதே. சுங்கை பினாங் என்ற பெயரில் இரண்டு இடங்கள் உள்ளன. மாவட்டம் தெரியாவிட்டால் பயனரைக் கேள். பதிவு பழையதாக இருந்தால் அதைச் சொல்லாமல் விடை தராதே. கீழ்ப்பகுதி நிலையங்களில் உயர்வு கடலேற்றத்தாலும் வரலாம்.’

இது மிகைபடக் கூறல் அன்றோ என்பார்கள். நன்னூல் அதைக் குற்றமாகச் சொல்வது உண்மைதான். குன்றக் கூறலையும் அதே பட்டியலில்தான் வைத்திருக்கிறது. பல கருவிகள் சேர்ந்தால் விவரிப்புகள் மாடலின் வாசிப்பு இடத்தை அடைக்கும் என்ற கவலைக்குத் தீர்வு கருவிகளைக் குறைப்பது. மாடல்கள் வலுப்பெற்றால் இதெல்லாம் தேவைப்படாது என்ற வாதம் நிற்காது: கொடுக்கப்படாத உள்ளூர்ச் செய்தியைத் தர்க்கத்தால் வருவிக்க முடியாது.

விவரிப்பு வெறும் குறிப்பு என்பவர்கள் இன்னொன்றுக்கும் விடை சொல்ல வேண்டும். கருவி விவரிப்பில் மறைத்துவைத்த கட்டளையால் முகவரைத் திசைதிருப்ப முடியும் என்று 2025இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். வலுவற்ற இடத்தில் யாரும் கட்டளையை ஒளித்துவைப்பதில்லை. நிரலைப் போலவே விவரிப்பும் தணிக்கைக்கு உள்ளாக வேண்டும் என்பது இதனால் பெறப்படும். வெள்ளம் பற்றிய கருவியாயின் அதன் முதல் வரைவை எழுத வேண்டியவர் நிரலாளர் அல்லர், அந்த ஆற்றைத் தெரிந்த நீரியல் பொறியாளர்.