கடன்பட்ட கழகங்களும் தண்டனைக் கோலும்



அந்தமான் தீவுகளின் தலைநகரில், கடலோரமாக நேதாஜி விளையாட்டரங்கம் இருக்கிறது. ஜிம்கானா மைதானம் என்று பெயர் பெற்றிருந்த அவ்விடத்தில்தான் 1943-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் மூவர்ணக் கொடியை ஏற்றினார். போர்ட் பிளேர் என்ற நகரப் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என மாறிவிட்டது. மாலை வேளையில் பந்து கண்ட இடத்தில் நின்றுவிடும் நம்மவர் வழக்கம் மாத்திரம் மாறவில்லை. தமிழரும் வங்காளியரும் தெலுங்கரும் நிக்கோபாரியரும் ஒரே கோட்டோரத்தில் தோளோடு தோள் நின்று காணும் ஆட்டம் அது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்புப் பகுதியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகிறேன். நம் பிள்ளைகள் சேர்ந்து ஒரு குழு அமைத்தனர். பொறுப்பாளர் ஒருவர் வீடு வீடாகச் சந்தா வசூலித்தார். ஆட்டச் சட்டைகளைத் தைத்துக் கொடுத்த தையற்காரருக்கு மட்டும் கூலி போய்ச் சேரவில்லை. அவர் முறையிட்டார், போட்டியை நடத்தியவர்கள் அக்குழுவை மறு ஆண்டு விலக்கிவைத்தனர். பிள்ளைகள் மதில்மேல் அமர்ந்து பிறர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். சந்தா வசூலித்தவரோ அவ்வாண்டு வேறொரு குழுவுக்குப் பொறுப்பாளராக வந்து நின்றார்! பிழை செய்தவர் யார்? தண்டனை அடைந்தவர் யார்? கூலிக்கு உரியவருக்குக் கிடைத்தது என்ன? இம்மூன்று கேள்விகளையும் கையில் பிடித்துக்கொண்டு உலகக் கால்பந்து வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

ஜெர்மனியில் பூந்தெஸ்லீகா எனப்படும் தேசிய லீக் 1963-இல் பிறந்தது. கணக்கு வழக்குகளைச் சோதித்து உரிமம் அளிக்கும் முறையையும் அது உடன் கொண்டுவந்தது. ஹெர்த்தா பெர்லின் கழகம் ஆட்டக்காரர்களை ஈர்ப்பதற்காக, விதித்த வரம்புக்கு மேல் பணம் கொடுத்தது வெளிப்படவே, 1965-இல் அதன் உரிமம் பறிக்கப்பட்டது. பெர்லினுக்கு ஓர் இடம் வேண்டுமென்று, ஆயத்தமே இல்லாத டாஸ்மேனியா பெர்லின் என்னும் கழகத்தை அவசரமாக ஏற்றிவிட்டனர். அக்கழகம் 34 ஆட்டங்களில் 2-இல் மாத்திரமே வென்றது. 15 கோல் அடித்து 108 கோல் வாங்கியது. பின்னர் 1973-இல் அதுவே திவாலாகிக் கலைந்தது. ஒருவர் குற்றத்துக்கு விதித்த தண்டனை, குற்றமற்ற இன்னொருவரின் நகைப்புக்கிடமான புகழாக முடிந்தது.

இங்கிலாந்தின் கதை வேறு விதம். லெஸ்டர் சிட்டி கழகம் 2002-இல் புதிய அரங்கம் கட்டிய கடனோடு முதல் நிலையிலிருந்து இறங்கியது. நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போயிற்று. கடன் கொடுத்தோரில் பலருக்கு முழுத்தொகை வந்து சேரவில்லை. ஆயினும் மறு ஆண்டே அக்கழகம் மேல்நிலைக்கு ஏறிவிட்டது. வரவுக்குள் செலவு செய்து பின்தங்கிய கழகங்கள் இதைக் கண்டு பொறுக்குமா? கடனை உதறிவிட்டு வெற்றியை மட்டும் வைத்துக்கொள்வது களவு என்று முறையிட்டன. அதன் பயனாக, இவ்வாறு நிர்வாகியிடம் செல்லும் கழகத்துக்கு 10 புள்ளி குறைக்கும் விதி 2004-இல் வந்தது. பிற்காலத்தில் அது 12 ஆயிற்று.

விதி நியாயமானதே. ஆனால் அதை அளந்து வீசாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு லூட்டன் டவுன் சான்று. 2008-09 ஆட்டப் பருவத்தை அக்கழகம் 30 புள்ளிகள் குறைவாகத் தொடங்க வேண்டியதாயிற்று. அவற்றுள் 10 பழைய நிர்வாகத்தின் பணப் பரிமாற்றக் குற்றங்களுக்காக. மீதி 20 திவால் விதிகளை நிறைவேற்றாமைக்காக. அப்போது கழகத்தை ஏற்றிருந்தவர்கள் புதியவர்கள். அப்பருவத்திலேயே வெம்பிளி அரங்கில் ஒரு கோப்பையை வென்றும் லூட்டன் லீக்கைவிட்டு வெளியேறியது. திரும்பி வர 2014 ஆயிற்று.

பரி கழகத்தின் முடிவு இதனினும் துயரமானது. 1894 முதல் லீக்கில் ஆடிய கழகம். 1900-இலும் 1903-இலும் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 2019-இல் ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் ஊதியமின்றி ஆடியே மேல்நிலைக்கு உயர்த்தினர். ஆகஸ்டு 27-ஆம் நாள் லீக் அதை அடியோடு நீக்கிற்று. நூற்று இருபத்தைந்து ஆண்டுப் பந்தம் ஒரே மாலையில் அற்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொச்சியில் 1997-இல் தோன்றிய எஃப்.சி. கொச்சின், அவ்வாண்டிலேயே டியூரண்டு கோப்பையை வென்றது. கேரளக் கழகமொன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதன்முறை. ஆனால் பணவரத்து வற்றியபோது, சில ஆண்டுகளுக்குள் அக்கழகம் கலைந்தது. மஹீந்திரா யுனைடெட் 2010-இலும், முதலாவது தேசிய லீக்கை வென்ற ஜே.சி.டி. 2011-இலும் மூடப்பட்டன. இவற்றை எந்த லீக்கும் தண்டிக்கவில்லை. உடையவர்களே கதவைச் சாத்தினர். ஒரே முதலாளியின் சட்டைப்பையை நம்பிய கழகம், அந்தப் பை மூடினால் தானும் மூடிப்போகும்.

ஆசியக் கூட்டமைப்பின் வழியில் இந்தியாவிலும் உரிம முறை வந்தது. விளையாட்டு வளர்ச்சி, அரங்க வசதி, பணியாளர் நிர்வாகம், சட்டம், நிதி என ஐந்து தேர்வுகள். 2014-இல் இதனால் சில கழகங்கள் ஐ-லீக்கில் இடமிழந்தன. 2012-13 பருவத்தின் சாம்பியனாகிய கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸும் அவற்றுள் ஒன்று.

நமக்கு நெருக்கமான கதை சென்னை சிட்டி கழகத்தினுடையது. 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் புகுந்த இக்கழகம், கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் 2019 மார்ச் 9-ஆம் நாள் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்றது. ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்தள்ளி, ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டுக் கழகமாயிற்று. கடல் கடந்து வாழும் நாமும் அன்று மகிழ்ந்தோம். 2021-இல் அதே கழகம் உரிமத் தேர்வில் தேறாமல் லீக்கைவிட்டு வெளியேறிற்று. ஐந்து தேர்வுகளும் அவசியமே. ஆனால் கோவையின் அரங்கப் படிகளில் அமர்ந்து கைதட்டிய சிறுவன் எந்தத் தேர்வில் தோற்றான்?

ஐதராபாத் கழகத்தின் கதையும் இங்கு நோக்கத்தக்கது. 2022 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. நிலுவைத் தொகைகள் காரணமாகப் புதிய ஆட்டக்காரரைச் சேர்க்கக்கூடாதென்ற தடை பின்னர் அதன்மேல் விழுந்தது. முன்னணியினர் பலர் விலகவே, இளைஞரைக் கொண்டு ஆடி, 2023-24-இல் கடைசி இடத்தை அடைந்தது. 2025-இல் ஊரும் பெயரும் மாறி தில்லிக்குச் சென்றுவிட்டது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன யாவை? தண்டனையே வேண்டாமென்று சொல்வதற்கில்லை. கூலி கொடாதவன் வெல்வானாயின், கூலி கொடுத்தவன் ஏமாளி ஆவான். ஆயினும் தண்டனையின் இலக்குத் தவறக்கூடாது.

முதலாவது, பருவம் தொடங்குமுன்பே சோதனை நடைபெறல் வேண்டும்; சில மாத ஊதியத்தை வைப்புத் தொகையாக லீக்கிடம் செலுத்தச் செய்யலாம். இரண்டாவது, புள்ளிக் குறைப்பு முன்னரே அறிவித்த அளவின்படியும், பிழை நேர்ந்த பருவத்திலேயும் அமைய வேண்டும். மூன்றாவது, கழகத்தைக் கடனில் ஆழ்த்தியவர் இன்னொரு கழகத்தின் வாயிலில் நுழைய இயலாதபடி அவர்மீதே தடை விழவேண்டும். நான்காவது, சிறியவர் கடன் முதலில் தீரவேண்டும். 2010-இல் போர்ட்ஸ்மவுத் கழகம் நொடித்தபோது, ஆட்டப் பந்தயங்களில் முதலுதவி செய்யும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டமைப்பும் கடன் வரவேண்டியோர் பட்டியலில் நின்றது! ஐந்தாவது, நீக்கியே தீரவேண்டுமெனில் கீழ்நிலையில் ஓர் இடமேனும் விட்டுவைக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் 2012-இல் நான்காம் நிலையில் தொடங்கி 2016-இல் முதல் நிலைக்கு மீண்டது. இத்தாலியின் பியோரென்டினா 2002-இல் அவ்வாறே தாழ்ந்து 2004-இல் திரும்பியது. வேர் இருந்தால் மரம் துளிர்க்கும்.

எங்கள் பகுதிப் பிள்ளைகளின் கதைக்கு முடிவு சொல்லவில்லையே! மறு ஆண்டு பெரியோர் கூடி ஒரு விதி செய்தனர். முதல் ஆட்டத்துக்கு முன் தையற்காரர், பந்துக் கடைக்காரர் ஆகியோரின் ரசீதைக் காட்டவேண்டும்; பழைய பாக்கி தீர்ந்தாலன்றிப் பழைய குழுவின் பிள்ளைகள் ஆடலாகாது. சந்தா வாங்கியவர் ஒரு காசும் தரவில்லை. பிள்ளைகளின் தந்தையர், துறைமுகத்திலும் கட்டட வேலையிலும் உழைப்பவர்கள், நான்கு தவணைகளில் பாக்கியைத் தீர்த்தனர். கடைசித் தவணையைப் பெற்றுக்கொண்ட தையற்காரர், கிழிந்திருந்த இரண்டு சட்டைகளைக் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் அன்று மாலை மதிலைவிட்டு இறங்கினர்.

தந்தையர் செலுத்திய அத்தொகை நியாயப்படி அவர்களுடையதன்று. லீக்குகள் விதி எழுதும்போது இதை மறவாதிருத்தல் நலம்.