7 பேர் குழுவுக்கு 125 பேரின் அட்டவணை தேவையா? 'சேஃப்' முறை பற்றித் தெரிந்துகொள்வோம்

மென்பொருள் வேலைக்கான விளம்பரங்களில் 'ஸ்க்ரம்', 'சேஃப்' என்ற இரண்டு சொற்கள் அடிக்கடி கண்ணில் படும்.

ஸ்க்ரம் பலருக்கும் பழக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியிலேயே படித்திருப்பார்கள். சேஃப் அப்படி இல்லை. வேலையில் சேர்ந்த பிறகு, "அடுத்த மாசத்துலேருந்து நாமளும் சேஃப்தான்" என்று மேலாளர் சொல்லும்போதுதான் பலரும் அதைக் கேள்விப்படுகிறார்கள்.

குழுவில் இருப்பதோ 7 பேர். அவர்களுக்கு அது பொருந்துமா?

கதை எங்கே தொடங்குது?

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி 'அஜைல்' பிரகடனத்தை எழுதினர். எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டு முடக்கிவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, பயனீட்டாளரிடம் காட்டி, திருத்திக்கொண்டே போவதுதான் அதன் சாரம்.

அதற்கு முன்பே, 1990களில் உருவானது ஸ்க்ரம். ஒரு குழுவில் பொதுவாக 10 பேர் அல்லது அதற்கும் குறைவானவர்களே இருப்பார்கள் என்கிறது அதன் 2020 வழிகாட்டி.

ஏன் 10? கணக்குப் போட்டுப் பாருங்க. 5 பேர் இருந்தால் ஒருவருக்கொருவர் பேசக்கூடிய இணைப்புகள் 10. 10 பேர் என்றால் 45. 50 பேர் என்றால் 1,225! ஆள் கூடக்கூட வேலையைவிடப் பேச்சு வேகமாக வளர்கிறது. ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே தம்முடைய நூலில் இதை எச்சரித்தார்.

சேஃப் யாருக்காக?

அந்த 1,225ஐச் சமாளிக்கத்தான். டீன் லெஃபிங்வெல் 2011இல் வெளியிட்ட இந்த முறையில், பல குழுக்களைச் சேர்த்து ஒரு 'ரயில்' ஆக்குகிறார்கள். ரயிலில் 50 முதல் 125 பேர் வரை இருப்பார்கள். 8 முதல் 12 வாரங்களுக்கு ஒருமுறை எல்லாரும் ஒன்றுகூடி, பொதுவாக 2 நாள் திட்டமிடுவார்கள். எந்தக் குழு எதற்காக எந்தக் குழுவை நம்பியிருக்கிறது என்பதைப் பெரிய பலகையில் சிவப்பு நூல் கட்டிக் காட்டுவதும் உண்டு.

எம்ஆர்டி மாதிரிதான். உங்கள் அம்சம் தயாராகவில்லை என்று ரயில் நிற்காது. அடுத்ததில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

பெரிய வங்கிக்கோ தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கோ அது தேவைப்படலாம். கட்டணப் பிரிவு முடிக்காமல் செயலிப் பிரிவு நகர முடியாது என்ற நிலையில் யாராவது நூலைப் பிடித்துக் காட்டத்தான் வேண்டும்.

7 பேர் செய்தால் என்ன ஆகும்?

இங்கேதான் கணக்கு இடிக்குது.

2 வார ஸ்பிரிண்ட் என்று வைத்துக்கொள்வோம். அன்றாடச் சந்திப்பு 15 நிமிடம். 10 நாளுக்கு இரண்டரை மணி நேரம். திட்டமிடல் 4, மறுஆய்வு 2, பின்னோக்கிய கலந்துரையாடல் ஒன்றரை. மொத்தம் 10 மணி நேரம். 80 மணி நேர வேலையில் எட்டில் ஒரு பங்கு ஸ்க்ரமுக்கே போய்விடுகிறது. இது நியாயமான விலைதான்.

அதன்மேல் சேஃப் வந்தால் ரயில் திட்டமிடல், வாராந்தர ஒருங்கிணைப்பு, கூட்டுச் செயல்விளக்கம் எல்லாம் சேரும். ரயிலை நடத்த ஒருவர், பொருள் நிர்வாகத்துக்கு ஒருவர், கட்டமைப்புக்கு ஒருவர் என 3 பொறுப்புகளும் வேண்டும். 7 பேரில் 3 பேர் அந்தத் தொப்பிகளை மாட்டிக்கொண்டால் முழுநேரமாக நிரல் எழுத மீதி 4 பேர். எழுதாமல் போன நிரல் எங்கே போகும்? பெரும்பாலும் இரவு நேரத்துக்கு.

அதைவிட முக்கியம், சிவப்பு நூலுக்கு அங்கே வேலையே இல்லை. பக்கத்து மேசையில் இருப்பவரிடம் கேட்டால் போதும்.

அப்படியிருந்தும் ஏன் செய்கிறார்கள்? சில நேரம் வாடிக்கையாளரான பெரிய நிறுவனம் தன் அட்டவணைப்படி அறிக்கை கேட்கும். சில நேரம் சான்றிதழ் வாங்கிய மேலாளருக்கு ஆசை. முதலாவது காரணத்தை ஏற்கலாம். அதற்கும் முழுக் குழுவும் மாற வேண்டியதில்லை. அந்த நிறுவனத்தின் திட்டமிடலுக்குத் தேவையானவர்கள் போய்வந்தாலே பல நேரம் போதும்.

வேறு வழி இருக்கா?

ஒரே குழு என்றால் ஸ்க்ரமோ கான்பானோ போதும். எதையும் பெரிதாக்க வேண்டாம்.

ஒரே பொருளை 2, 3 குழுக்கள் சேர்ந்து உருவாக்கினால் 'லெஸ்' முறையைப் பார்க்கலாம். கிரேக் லார்மனும் பாஸ் வோடேயும் உருவாக்கியது. 2 முதல் 8 குழுக்களுக்கானது. எத்தனை குழு இருந்தாலும் ஒரே வேலைப் பட்டியல், ஒரே பொருள் உரிமையாளர், ஒரே ஸ்பிரிண்ட். புதிய பதவிகளைக் கூட்டாமல் பார்த்துக்கொள்வது அதன் பலம். ஸ்க்ரமை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் ஷ்வேபரின் 'நெக்சஸ்' முறையும் ஏறக்குறைய அதே அளவுக்குத்தான்.

சேஃப்பிலிருந்து கடன் வாங்க எதுவுமே இல்லையா என்றால், இருக்கு. 10 வாரத்துக்கு ஒருமுறை அரை நாள் உட்கார்ந்து அடுத்த காலாண்டைப் பார்ப்பது சின்னக் குழுவுக்கும் நல்லது. தாமதித்தால் எந்த வேலையில் இழப்பு அதிகம் என்று பார்த்து வரிசைப்படுத்தும் பழக்கமும் அப்படித்தான்.

நேர்முகத் தேர்வில் "நாங்கள் சேஃப் பின்பற்றுகிறோம்" என்று சொன்னால் இரண்டு கேள்விகள் கேட்கலாம். உங்கள் ரயிலில் எத்தனை குழுக்கள்? என் குழு எந்தக் குழுவை நம்பியிருக்கும்? இரண்டாவது கேள்விக்கு உடனே பெயரோடு பதில் வந்தால் அங்கே சேஃப்புக்குக் காரணம் இருக்கிறது. பதில் வராவிட்டால், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கூட்டம் என்றும் கேட்டுவிடுங்கள்.