வாராக்கடனும் ஒரு ரோஸ் கலர் பிராணியும்

நாக்பூருக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. இங்கே மே மாதத்தில் 45 டிகிரி என்பது சர்வசாதாரணம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் என்னை வளர்ப்பு மீன் விற்கிற கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கண்ணாடித் தொட்டியில், கூழாங்கற்கள் மேலே, ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே ரோஸ் கலரில் ஒன்று நின்றது. நாலு கால், கழுத்தோரம் இறகு மாதிரி செவுள்கள், முகத்தில் சிரிப்பு. "ஆக்சலாட்டல்ப்பா! கேம்ல நீலக் கலர்ல கூட இருக்கு. வாங்கித் தாப்பா" என்றாள். மெக்சிகோ ஏரியில் இது இந்தக் கலரில்தான் இருக்கும், வெயிலையும் தாங்கும் என்று கடைக்காரர் ஹிந்தியில் அடித்துச் சொன்னார்.

லோன் கேட்டு வருகிறவர் சொல்வதை அப்படியே நம்பக்கூடாது என்பது எங்கள் தொழில் புத்தி. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நான் படித்தது பி.காம். உயிரியல் எல்லாம் பத்தாம் வகுப்போடு சரி. தேடப் போனால், கதை நம்ம ஏரியாவில்தான் தொடங்குகிறது. ஆமாம், வாராக்கடன்!

1861 ஜூலையில் மெக்சிகோ அதிபர் பெனிட்டோ ஹுவாரெஸ், வெளிநாட்டுக் கடன் தவணைகளை இரண்டு வருஷத்துக்கு நிறுத்திவைத்தார். கஜானா காலி. இங்கிலாந்து, ஸ்பெயின், பிரான்ஸ் மூன்றும் கப்பலோடு வசூலுக்குப் போயின. முதல் இரண்டும் 1862-ல் திரும்பிவிட்டன. மூன்றாம் நெப்போலியன் மட்டும் நாட்டையே பிடிக்கப் பார்த்தார். 1863 ஜூனில் பிரெஞ்சுப் படை மெக்சிகோ நகரத்தில் நுழைந்தது. அந்தச் சமயத்தில்தான் உயிரோடு ஆக்சலாட்டல்கள் கப்பலேறி, 1864-ல் பாரிஸ் வந்து சேர்ந்தன.

அதில் ஆறு, ஒகுஸ்த் துய்மேரில் என்ற விலங்கியல் பேராசிரியர் கைக்கு வந்தன. ஆறில் ஒன்று வெள்ளை. அவை முட்டையிட்டுப் பெருகி, ஐரோப்பா முழுக்க ஆய்வகங்களுக்கும் ஆர்வலர்களின் தொட்டிகளுக்கும் போயின. இன்றைய ரோஸ் கலருக்கு மூலம் அந்த வெள்ளைதான். நிறம் தரும் செல்கள் உடம்பு முழுக்கப் பரவாததால் வந்த குறை அது. கண் கறுப்பாகவே இருப்பதால் இது அல்பினோவும் இல்லை. சொந்த ஊரில் இதன் நிறம் புள்ளி போட்ட கரும்பழுப்பு. சேற்றோடு சேறாகத் தெரிந்தால்தானே கொக்கிடமிருந்து தப்பிக்க முடியும்?

அசல் அல்பினோ வந்தது 1960-களில். அமெரிக்காவில் ரூஃபஸ் ஹம்ஃப்ரி என்பவர், டைகர் சாலமாண்டர் என்ற வேறு இனத்தின் அல்பினோவோடு இதை இனம் சேர்த்து உண்டாக்கினார். பச்சையாக ஒளிர்வது, ஜெல்லி மீனின் மரபணுவை நுழைத்து ஜெர்மனியில் உருவாக்கி 2006-ல் அறிவித்தது. மகள் சொன்ன நீலம்? 2021-ல் மைன்கிராஃப்ட் கேமில் வந்தது. நிஜத்தில் அப்படி ஒரு நீலம் கிடையாது.

ஆக, கலர் எல்லாம் மனிதன் போட்ட என்ட்ரி. சரி, ஒரிஜினல் கணக்கு என்ன? மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ கால்வாய்களில் 1998-ல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்தன. 2014 கணக்கெடுப்பில் வெறும் 36! சாக்கடைத் தண்ணீரும், உணவுக்காக அரசாங்கம் கொண்டுவந்து விட்ட திலாப்பியா, கெண்டை மீன்களும் முக்கியக் காரணம். தொட்டிகளில்தான் ஏராளமாக இருக்கிறதே என்று இந்தக் கணக்கை அந்தக் கணக்கில் நேர் செய்ய முடியாது. தொட்டியில் இருப்பவை பல தலைமுறையாக நெருங்கிய சொந்தத்திலேயே பெருகியவை, வேற்று இன ரத்தமும் கலந்தவை.

அடுத்து, கடைக்காரரின் வெயில் கதை. இதற்குத் தேவை 16 முதல் 18 டிகிரித் தண்ணீர். 24-ஐத் தாண்டினால் அவஸ்தை. கண்ணுக்கு இமை கிடையாது, அந்த ட்யூப் லைட்டே தண்டனை. இரையோடு கூழாங்கல்லையும் விழுங்கிக் குடல் அடைத்துச் சாகும். வெட்டுப்பட்ட கால் மறுபடி முளைக்கும் என்பது நிஜம், அதனால் வலிக்காது என்பது பொய். அந்தச் சிரிப்பும் சிரிப்பில்லை, வாயின் அமைப்பே அப்படி.

நாக்பூர் மே மாதத்தில் நாள் முழுக்கத் தண்ணீரைக் குளிர்விக்க மெஷின் வேண்டும். கரன்ட் போனால்? தங்கமணி ஒரே வரியில் தீர்ப்பு சொன்னார்: "நமக்கே ஏசி ராத்திரி மட்டும்தான்." போதாததற்கு, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள இந்த மாதிரி பிராணிகளை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2022 சட்டத் திருத்தமும் 2024 விதிகளும் சொல்கின்றன.

மகளிடம் சொன்னேன். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் மெக்சிகோவின் 50 பெசோ நோட்டின் படத்தைக் காட்டினேன். 2021-ல் வெளியான அந்த நோட்டில் சோச்சிமில்கோவும் ஆக்சலாட்டலும் இருக்கின்றன. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நிஜமா பிரவுன் கலராப்பா?" என்று கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் ஒன்று வரைந்தாள். பழுப்பில்தான்.

ஜூனில் அந்தக் கடைப் பக்கம் போனேன். தொட்டி காலியாக இருந்தது. விற்றுப்போனதா, வேறு ஏதாவதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.