திருநெல்வேலியும் திரைப்படச் சபையும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் எதிர்கொள்ளும் திருநெல்வேலி, ஊரார் வாயில் தின்னவேலி, செம்மண் தோட்டங்களாலும் மரக்கறிச் சந்தையாலும் பிரசித்தி பெற்ற ஊர். 1921 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அங்கே பரமேஸ்வராக் கல்லூரியை ஸ்தாபித்தபோதும், 1974 இல் அக்கல்லூரி இருந்த இடத்திலேயே பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு பல்கலைக்கழக வளாகம் உதயமானபோதும், குடாநாட்டின் சினிமா ரசனையில் இவ்வூருக்கும் ஒரு பங்கு உண்டாகுமென்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

கூடியிருந்து கண்விழித்துக் கலை காண்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. கோயில் திருவிழாக்களில் மேளக் கச்சேரியும் கூத்தும் விடியும்வரை நடக்க, பாயோடும் பிள்ளைகளோடும் வந்து வீதிமணலில் அமர்ந்த சனங்களே, பின்னாளில் றீகல், வெலிங்டன், வின்ட்சர், ராணி முதலிய தியேட்டர்களின் வாசலில் சென்னைப் படங்களுக்காகக் காத்து நின்றனர். அத்திரைகளில் தோன்றிய வீடும் வீதியும் பேச்சும் தமிழகத்தினுடையவை. ஆகவே தங்கள் பனங்காணியும் கிடுகு வேலியும் வீட்டுப் பேச்சும் சினிமாவுக்கு ஏற்றவை அல்ல என்றதோர் அபிப்பிராயம், எவரும் போதிக்காமலே ரசிகர் மனத்தில் வேரூன்றிவிட்டது. கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்து 1972 இல் வெளியான ‘குத்துவிளக்கு’ அந்த அபிப்பிராயத்தை அசைக்க முயன்ற படங்களுள் முக்கியமானது.

அதற்கு ஐந்தாண்டுகளின் பின் வந்த ‘பொன்மணி’யோ திருநெல்வேலியோடு நேரே தொடர்புடையது. யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராயிருந்த சிங்கள நெறியாளர் தர்மசேன பத்திராஜ, காவலூர் இராசதுரையின் எழுத்தைக் கொண்டு, சீதனத்துக்கும் சாதிக்கும் கட்டுண்ட ஒரு குடும்பத்தின் துயரை ஆரவாரமின்றி நிதானமாகச் சொன்னார். சென்னைப் படங்களின் வேகத்துக்குப் பழகிய கண்கள் அதனை ஏற்கவில்லை. வசூலில் தோற்ற அப்படம் இன்று இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் பெருமைகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. நல்ல படத்துக்குத் தியேட்டர் மட்டும் போதாது, அதனைப் பார்க்கப் பயின்ற சபை ஒன்றும் வேண்டும் என்பதே அத்தோல்வியின் பாடம்.

அத்தகைய சபையை உருவாக்கவே 1947 இல் சத்யஜித் ராயும் நண்பர்களும் கல்கத்தாவில் திரைப்படச் சங்கம் அமைத்தார்கள், யாழ்ப்பாணத்திலும் அ. யேசுராசா முதலிய எழுத்தாளர்கள் திரைப்பட வட்டம் கூட்டிப் பிறமொழிப் படங்களைக் காட்டினர். போர் அந்த முயற்சிகளைக் குலைத்தது. 1990 இல் மின்சாரம் அற்றுப்போன பின், அயலவர் காசு சேர்த்து, ஜெனரேற்றரும் டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, இரவிரவாக இரண்டு மூன்று படம் பார்த்தனர். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் நடுவே இருமி நின்றுவிட்டால், விஷயம் தெரிந்த இளைஞன் ஒருவன் குப்பி விளக்கு வெளிச்சத்தில் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டிக் கயிற்றை இழுக்கும்வரை, பார்த்த பாதிக் கதையைப் பற்றிய தர்க்கம் முற்றத்தில் ஓயாது நடக்கும்.

2015 இல் அனோமா ராஜகருணாவின் முயற்சியால் யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழா ஆரம்பமாயிற்று. பொதுவாக யாழ்ப்பாணத்து விழா எதுவாயினும் அதன் முதல் நாளுக்குரிய சம்பிரதாயங்கள் நாம் அறிந்தவையே: வாயிலில் நிறைகுடம், மேடையில் மங்கல விளக்கு, வரவேற்புரை தொடங்கி நன்றியுரை ஈறாக நீளும் பிரசங்கங்கள். திரைப்பட விழாவின் விசேஷம் இவற்றுக்கு அப்பாற்பட்டது. படம் முடிந்து விளக்குகள் எரிந்த பின்னும் சனங்கள் எழுந்து போகாமல், நெறியாளரை நேருக்கு நேர் கேள்வி கேட்க உட்கார்ந்திருப்பதே அது. 2018 இல் ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ என்ற ஆவணப்படம் எதிர்ப்பின் காரணமாக நிரலிலிருந்து விலக்கப்பட்டதும், விலக்கியது தகுமா தகாதா என்று எழுந்த வாதமும், அந்தச் சபை இன்னும் தன்னோடு தானே இணக்கம் காணவில்லை என்பதைப் புலப்படுத்தின. எனினும் படம் பார்த்துவிட்டு மௌனமாகக் கலைந்த காலத்தை விட, படத்தை முன்னிட்டு வாதாடும் காலம் மேலானதே. ‘பொன்மணி’க்கு வாய்க்காத ரசிகர்களை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே இத்தகைய விழாக்களின் தலையாய பணி, விருதுகளும் வெளிநாட்டு விருந்தினரும் அதற்கு அடுத்தபடியே.