வாச்சாத்தி மகளிரும் சட்டத்தின் காவலும்

வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று நம் சங்கத்தார் பணித்தபொழுது, முன்னோர் பெருமையை எழுதுவதா, நம் வாழ்நாளிலேயே நிகழ்ந்த ஒன்றை எழுதுவதா என்று நாம் சிறிது தயங்கினோம். 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் நாற்பத்து நால்வர் தீக்கிரையான செய்தியை நம் இளைஞர்கள் அறிவர். ஆண்டுதோறும் அதனை நினைவு கூர்கின்றனர். ஆனால் சேலத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய வாச்சாத்தியைப் பற்றி நம் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்களிடம் வினவியபொழுது, விடை கூற எழுந்தவர் ஒருவருமிலர். அக்குறை அவர்களுடையதன்று, கற்பிக்கத் தவறிய நம்முடையதே. ஆகவே இப்பொருளையே எடுத்துக்கொண்டோம்.

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம், மஞ்சவாடிக் கணவாய் வழியாகச் செல்லும் சாலை அரூரை அடைகிறது. அரூருக்கு அப்பால், சித்தேரி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் வாச்சாத்தி. இன்று அது தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது எனினும், 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தருமபுரி தனி மாவட்டமாகும் வரை அப்பகுதி முழுவதும் நம் சேலம் மாவட்டமாகவே இருந்தது. அங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கண்டு இவர்களைக் கேரளத்தாரென மயங்குதல் வேண்டா. சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, நம் நாமக்கல்லின் கொல்லிமலை ஆகிய மலைகளில் வழிவழியாக வாழ்ந்து, தமிழே பேசுவோர் இவர்கள்.

1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் வனத்துறையினர் 155 பேர், காவல் துறையினர் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர், ஆக 269 அரசு ஊழியர் அவ்வூரைச் சூழ்ந்தனர். கடத்திப் பதுக்கிய சந்தனக் கட்டைகளைத் தேடுவதே நோக்கம் என்று கூறப்பட்டது. ஆண்களில் பலர் முன்னரே மலைக்கு ஓடிவிட்டனர். எஞ்சிய பெண்களையும் முதியோரையும் சிறுவரையும் ஊரின் பெரிய ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தனர். அவர்களுள் இளம் பெண்கள் பதினெண்மரைப் பிரித்து, கட்டைகள் இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டுமென்று சொல்லி ஏரிப் பக்கம் கொண்டு சென்று கெடுத்தனர். பள்ளிப் பருவத்துச் சிறுமியும் அவர்களுள் ஒருத்தி. பின்னர் அன்றிரவு முழுவதும் அரூர் வனத்துறை அலுவலகத்தில் வைத்திருந்தனர். அடுத்து வந்த நாட்களிலும் ஊர் சூறையாடப்பட்டது. வீடுகள் இடிந்தன, தானியத்தில் கண்ணாடித் தூள் கலக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொல்லப்பட்டன, குடிநீர்க் கிணறு பாழாக்கப்பட்டது. ஓர் ஊர் மீண்டும் குடியேற இயலாதபடி செய்வதற்குப் பகை நாட்டுப் படை என்னென்ன செய்யுமோ, அவையனைத்தும் அங்கே செய்யப்பட்டன.

கைது செய்யப்பட்டோர் 133 பேர். அவர்களுள் பெண்கள் 90, குழந்தைகள் 28, ஆண்கள் பதினைந்தே. பெண்கள் சேலம் மத்தியச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அந்நாளில் நாம் இளைஞர். சந்தனக் கடத்தல்காரர் பிடிபட்டனர் என்னும் செய்தியைத் தேநீர்க் கடையில் நாளிதழில் படித்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டியவர்களுள் நாமும் ஒருவர். சிறை மதிலுக்கு அப்பால் யார் இருந்தனர் என்பதை அன்று எண்ணிப் பார்த்தோமில்லை.

ஈண்டு வாசகர் ஒன்றைக் கருத வேண்டும். சட்டம் இல்லாத காலத்தில் இது நடைபெறவில்லை. கைதானவரை இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டுமென்று அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு விதிக்கிறது. வெள்ளையர் இயற்றிய 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே, சிறைக்குள் புகும் ஒவ்வொரு கைதியையும் இயன்ற விரைவில் மருத்துவ அதிகாரியின் ஆணைப்படி சோதித்து, அவரது உடல்நிலையையும் உடலில் உள்ள காயங்களையும் தழும்புகளையும் பதிவேட்டில் எழுத வேண்டுமென்று 24ஆம் பிரிவில் கூறுகிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1989இல் இயற்றப்பட்டு 1990 ஜனவரி முதல் நடைமுறையில் இருந்தது. இத்தனை வாயில்களையும் கடந்தே அப்பெண்கள் சிறைக்குச் சென்றனர். ஆயினும் அவர்களுக்கு நேர்ந்ததை உலகம் அறிந்தது எந்தப் பதிவேட்டின் வாயிலாகவும் அன்று. ஜூலை மாதத்தில் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் பெ. சண்முகம் முதலியோர் அவ்வூருக்குச் சென்று, ஆளற்ற வீடுகளைக் கண்டு, உசாவி அறிந்து வெளியிட்ட பின்னரே அறிந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராயிருந்த அ. நல்லசிவன் நீதிமன்றத்தை அணுகினார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் தென்மண்டல இயக்குநர் பாமதி நேரில் சென்று விசாரித்து, பெண்களின் கூற்றில் உண்மை உண்டென்று அறிக்கை அளித்தார். அரசுத் தரப்பு மறுத்தது. 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

மூன்றாண்டுகளுக்குப் பின் புலனாய்வு தொடங்கினால் மருத்துவச் சான்று எங்ஙனம் கிடைக்கும்? ஓர் ஆண்டுக்கு முன்னர் ஆறிய காயத்தை எந்த மருத்துவரும் காண இயலாது. இவ்விடத்தில்தான் பெண்ணின் மருத்துவ உரிமையும் நீதி பெறும் உரிமையும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. உரிய நேரத்தில் சிகிச்சை மறுக்கப்பட்டவளுக்குப் பின்னாளில் சாட்சியமும் மறுக்கப்படுகிறது. 1972இல் மராட்டியத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் மதுரா என்னும் பழங்குடிச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையில், அவள் உடலில் காயக் குறி காணப்படவில்லை என்பதனையும் ஒரு காரணமாகக் காட்டி, காவலர் இருவரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 1979இல் உபேந்திர பக்சி, லத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்னும் சட்டப் பேராசிரியர் நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். நாடெங்கும் பெண்கள் கிளர்ந்தனர். அதன் பயனாக 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் உள்ள பெண் தான் இசையவில்லை என்று நீதிமன்றத்தில் கூறுவாளாயின், இசைவு இல்லையென்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்பது அத்திருத்தத்தின் சாரம். மதுரா தன் வழக்கில் தோற்றாள். அவள் தோல்வியால் பிறந்த சட்டம் பின்வந்த பெண்களுக்குத் துணையாயிற்று.

படையும் பெண்ணுடலும் மருத்துவமும் சந்திக்கும் கதை இந்நாட்டில் மிகப் பழையது. வெள்ளையர் ஆட்சியில் படை முகாம்களை அடுத்து 'லாக் ஆஸ்பத்திரி' என்னும் மருத்துவமனைகள் சென்னை மாகாணத்திலும் இருந்தன. சிப்பாய்களுக்கு மேகநோய் வராமல் காப்பதே அவற்றின் நோக்கம். அதற்காக ஏழைப் பெண்கள் பதிவு செய்யப்பட்டு, வலிந்து சோதிக்கப்பட்டு, நோய் தீரும் வரை அடைத்து வைக்கப்பட்டனர். சிப்பாய்க்கு அத்தகைய சோதனை இல்லை. 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் இதனை விரிவுபடுத்தியது. இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் அம்மையார் போன்றோர் நடத்திய இயக்கத்தின் பின் 1888இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. மருத்துவமனை என்ற சொல்லைக் கேட்டதும் நம் பாட்டிமார் அஞ்சியது அறியாமையால் மட்டுமே என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். இந்த வரலாற்றைப் படித்த பின் அவ்வெண்ணத்தைத் திருத்திக்கொண்டோம். பெண்ணின் உடல்நலம் அவளுக்கே உரிய உரிமை என்று பேசிய குரல்களும் இருந்தன. 1928இல் பம்பாய்ச் சட்ட மன்றத்தில் மகப்பேற்று நலன் மசோதாவை ஆதரித்துப் பேசியோருள் பாபாசாகேப் அம்பேத்கர் ஒருவர் என்பதை நம் இளைஞர்கள் நினைவில் கொள்ளலாம்.

போர்க்காலச் சட்டத்தையும் சுருங்கக் காண்போம். 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, பெண்களின் மானத்தைக் காப்பதனையும், வன்புணர்ச்சியிலிருந்து அவர்களைக் காப்பதனையும் 27ஆம் பிரிவில் வெளிப்படையாகவே கூறுகிறது. இந்தியா அதனை ஏற்று 1960இல் தனிச் சட்டமும் இயற்றியது. ஆப்பிரிக்காவின் ருவாண்டா நாட்டில் 1994இல் நிகழ்ந்த படுகொலை குறித்த வழக்கில், 1998 செப்டம்பரில் பன்னாட்டு நீதிமன்றம் அக்காயேசு என்னும் முன்னாள் ஊர்த்தலைவனைக் குற்றவாளி எனக் கண்டு, வன்புணர்ச்சியும் இனக்கொலையின் ஒரு வடிவமாகலாம் என்று முதன்முறையாகத் தீர்ப்புரைத்தது. எனினும் வாச்சாத்திப் பெண்ணுக்கு ஜெனீவா துணை வாராது. அங்கே போர் இல்லை, எல்லை இல்லை, படையெடுத்தவர் அயலாரும் அல்லர். தன் சொந்த அரசின் ஊழியர் சீருடையோடு வரும்பொழுது எந்தப் பன்னாட்டு உடன்படிக்கையைக் காட்டுவது?

இவ்வினா வாச்சாத்தியோடு முடியவில்லை. வீரப்பனைத் தேடும் பொருட்டுத் தமிழ்நாடும் கருநாடகமும் அமைத்த அதிரடிப்படையினர், மலையோர ஊர்களின் மக்களைப் பிடித்துச் சென்று வதைத்தனர் என்னும் முறையீடுகள் எழுந்தன. பெண்களும் அவர்களுள் இருந்தனர். மின்சாரம் பாய்ச்சி வதைத்ததாகப் பலர் சாட்சியம் கூறினர். தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் ஓய்வுபெற்ற நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. வீரப்பன் 2004 அக்டோபரில் கொல்லப்பட்டு, நம் மாவட்டத்து மேட்டூரை அடுத்த மூலக்காட்டில் புதைக்கப்பட்டான். அவன் பெயரால் வதைபட்டோருள் 89 பேருக்கு இரண்டு கோடியே எண்பது இலட்சம் ரூபாய் இடைக்கால உதவி வழங்குமாறு ஆணையம் 2007இல் பணித்தது. தண்டனையைப் பொறுத்தவரை இதில் எழுதத்தக்கது சிறிதே.

வாச்சாத்தியில் மட்டும் வேறு முடிவு நேர்ந்தது. 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் வழக்கு நடக்கையிலேயே இறந்துபோன 54 பேர் நீங்கலாக, எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. வனத்துறையினர் 126, காவல் துறையினர் 84, வருவாய்த் துறையினர் 5. வன்புணர்ச்சிக் குற்றத்திற்காகப் பதினேழு பேர் தண்டனை பெற்றனர். பன்னிருவருக்குப் பத்தாண்டு, ஐவருக்கு ஏழாண்டு. எழுத்தறியாத பெண்கள் பத்தொன்பது ஆண்டுகள் கழித்தும் மாறாது கூறிய சொல்லே அவ்வழக்கின் தூணாக நின்றது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன், 2023 மார்ச் மாதத்தில் தாமே வாச்சாத்திக்குச் சென்று, ஏரியையும் ஊரையும் பார்த்து, மக்களிடம் பேசினார். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள், முதல் தீர்ப்பு வந்த அதே தேதியில், தண்டனைகளை உறுதி செய்தார். பதினெட்டுப் பெண்களுக்கும் தலைக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்கவும், காலமானோர் பங்கினை அவர்தம் குடும்பத்தாருக்குக் கொடுக்கவும், அத்தொகையில் பாதியை வன்புணர்ச்சிக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் ஆணையிட்டார். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் அத்தீர்ப்பு பணிக்கிறது. மேலிருந்தோரையும் பொறுப்பாக்கிய அப்பகுதியே நம் கருத்தில் தீர்ப்பின் உயிர்.

இனி நம் ஊருக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கொடுமை நேர்ந்தது. அவள் தாய் நம்மைத் துணைக்கு அழைத்தாள். மருத்துவமனையொன்றில், காவல் நிலையத்திலிருந்து காகிதம் கொண்டுவந்தால்தான் தொட்டுப் பார்ப்போம் என்றனர். பட்டம் பெற்ற தலைமையாசிரியராகிய நாம், அது சரியான விதி போலும் என்று எண்ணி, நள்ளிரவு வரை தாழ்வாரத்தில் காத்திருந்தோம். காவல் நிலையத்திற்கும் மருத்துவமனைக்குமாக இருமுறை நடந்தோம். அப்படியொரு விதி இல்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். 2013இல் செய்த திருத்தத்தின்படி, அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும், இத்தகைய பெண்ணுக்கு உடனே இலவசச் சிகிச்சை அளிக்க வேண்டும். காவல் துறைக்குத் தெரிவிக்கும் கடமை மருத்துவமனையுடையது. மறுப்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டங்களில் சிகிச்சைக் கடமை நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவாகவும், மறுத்தால் தண்டனை நியாய சன்ஹிதாவின் 200ஆம் பிரிவாகவும் தொடர்கின்றன. பெண்ணின் இசைவின்றி மருத்துவச் சோதனை செய்தல் ஆகாது. 'இரு விரல் சோதனை' என்னும் இழிவான முறையை உச்ச நீதிமன்றம் 2013இல் கண்டித்தது; 2022இல், அதனைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றத்திற்கு ஆளாவர் என்றே கூறிவிட்டது.

மேற்கண்ட பிரிவுகளைப் பெரிய எழுத்தில் எழுதி, நம் சங்கத்தின் படிப்பகச் சுவரில் ஒட்டியுள்ளோம். அதன் படி ஒன்றினை அந்தத் தாயிடமும் கொடுத்தோம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எட்டாம் வகுப்பில் பயிலும் அவளுடைய இளைய மகள் உரக்கப் படித்துக் காட்டினாள்.