மலாக்காத் தமிழர் குடிப்பெயரும் குடிவழியும்

'பேரன்' என்னும் சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்கி நிற்பவன் என்பது அதன் பொருள். குடிவழியை நினைவிற் காக்கும் பொறுப்பைத் தமிழர் பெயருக்கே அளித்திருந்தனர் என்பதை இவ்வொரு சொல்லே காட்டிவிடும். ஆனால் கடல் கடந்து குடியேறிப் பிறமொழி அலுவலர் கையாற் பதிவான தமிழ்ப் பெயர்களைக் கொண்டு முன்னோரைத் தேடப் புகுவோர்க்கு, இம்முறை துணையாகவும் அமைகின்றது; தடையாகவும் அமைகின்றது. இதனை ஆராய்வதற்கு மலேசியாவின் மலாக்கா மாநிலம் மிகவும் ஏற்ற களமாகும். ஐந்நூறு ஆண்டுகட்கு முற்பட்ட வணிகக் குடியேற்றமும், நூறாண்டுகட்கு முற்பட்ட தோட்டக் குடியேற்றமும் அங்கே அருகருகே வாழ்கின்றன.

குடிப்பெயர் எது?

மேலைநாட்டார்க்குக் குடிப்பெயர் ஒன்று உண்டு. தந்தையிடமிருந்து மகனுக்கு அது மாறாமல் வரும். அதைப் பற்றிக்கொண்டே அவர்கள் பல தலைமுறை பின்னோக்கிச் செல்கின்றனர். தமிழர்க்கு அத்தகைய பொதுவழக்கம் இல்லை. சங்கப் புலவர் ஒருவரின் பெயர் 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என வழங்குகின்றது. ஊர், தந்தை, உறவு, இயற்பெயர் ஆகிய நான்கும் இதில் அடங்கியுள்ளன.

மலேசிய அரசுப் பதிவேடுகளில் இந்தியர் பெயர்களுக்கிடையே 'அனாக் லெலாக்கி' என்றும் 'அனாக் பெரெம்புவான்' என்றும் குறிக்கப்படுகின்றது. மகன், மகள் என்பனவே இவற்றின் பொருள். எண்ணிப் பார்ப்பின், இது சங்கப் புலவர் பெயர் அமைந்த முறையேயாகும். வேறுபாடு ஒன்றுதான், முன்னே நின்ற ஊர்ப்பெயர் போய்விட்டது. மலாக்காத் தோட்டக் குடும்பங்கள் பலவற்றின் தேடல் தடைப்பட்டு நிற்பதும் இவ்வூர்ப்பெயர் இன்மையினாலேயே.

மலாய் வரலாற்றில் தமிழ்ப் பட்டங்கள்

மலாக்காவின் பழைய வரலாற்றைக் கூறும் 'செஜாரா மெலாயு' என்னும் நூலில் கெலிங் நாட்டிலிருந்து வந்த மணி புரிந்தான் என்பவன் பேசப்படுகின்றான். அவன் மகன் துன் அலி. துன் அலியின் மகன் பெண்டஹாரா துன் முத்தாஹிர். மணி புரிந்தானின் மகள் வயிற்றுப் பேரனே சுல்தான் முசாபர் ஷாவாக அரியணை ஏறினான் என்றும் அந்நூல் கூறும். மகன் காலத்திலேயே பெயர் முற்றும் மலாய்ப் பெயராகிவிட்டது. நூல் இவ்வுறவைக் குறித்து வைத்திராவிடின், துன் முத்தாஹிரின் பெயரிலிருந்து அவன் பாட்டனின் நாட்டை எவரும் ஊகித்தறிதல் இயலாது.

துன் முத்தாஹிர் 1510 இல் கொல்லப்பட்டதற்குக் காரணமான வழக்கிலும் இரு பெயர்கள் வருகின்றன. ஒருவன் நினா சுரா தேவானா. மற்றொருவன் ராஜா முதலியார். 1511 இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபின் பெண்டஹாரா பதவி பெற்ற இந்து வணிகனின் பெயர் நினா சட்டு. 1509 இல் சிறைப்பட்ட போர்ச்சுகீசியர்க்கு உதவியவன் அவன். 1514 இல் அப்பதவி கம்பார் அரசனுக்கு மாற்றப்பட்டபோது, மானம் பொறாது தீயிற் புகுந்து உயிர் நீத்தான் எனப் போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

இப்பெயர்களில் வரும் 'நினா' என்பது 'நயினார்' என்னும் மதிப்புச் சொல்லின் திரிபு எனப் பலர் கருதுவர். அவ்வாறாயின் நினா என்பது குடிப்பெயர் அன்று. பெருவணிகர்க்கு வழங்கிய மதிப்பு அடையே. எனவே நினா என்னும் அடைபெற்ற இருவரை ஒரு குடியினர் எனக் கொள்ளுதல் பிழையாகும். அவ்வாறே 'சட்டு' என்பதைச் 'செட்டி' என்றோ 'சாத்து' என்றோ ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு முடிவு கட்டுதலும் தகாது. ஒலியொப்புமை தேடலைத் தொடங்கிவைக்கலாம். அதனை முடித்துவைக்க அதற்கு ஆற்றல் இல்லை.

மலாக்காச் செட்டிகள்

எரேதியா என்பார் 1613 இல் எழுதிய நூலிலிருந்து, மலாக்காவில் கம்போங் கெலிங் என ஒரு பகுதி அந்நாளிலேயே இருந்தமை புலனாகின்றது. பழைய தமிழ் வணிகரின் வழியினராகிய மலாக்காச் செட்டிகள் பின்னாளில் காஜா பேராங் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் தலைவராக விளங்கிய தெய்வநாயகம் செட்டியார், ஒல்லாந்த அரசு அளித்த நிலத்தில் 1781 இல் பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலை எழுப்பினார். காஜா பேராங்கிலுள்ள முத்துமாரியம்மன் கோயில் 1822 ஆம் ஆண்டைச் சார்ந்தது.

இச்செட்டிகளின் வீட்டுமொழி மலாய், சமயம் சைவம். இவர்களிடையே பிள்ளை, செட்டி, நாயக்கர், படையாச்சி, பத்தர், முதலியார், ராஜா முதலிய பட்டங்கள் இன்றும் குடிப்பெயராக வழங்குகின்றன. தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் பிற தமிழர் பலர் பட்டங்களைத் தம் பெயரினின்றும் நீக்கிவிட்ட காலத்தில், தமிழ் பேச மறந்த இம்மக்கள் அவற்றைப் போற்றி வைத்துள்ளனர். மொழி போனபின் வேரை உணர்த்துவதற்கு அவர்க்கு எஞ்சியவை தெய்வமும் பட்டப்பெயருமே.

இங்கே ஆராய்வோர் மனங்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, பிள்ளை, முதலியார் போன்றவை பல வகுப்பினர்க்கும் வழங்கிய சிறப்புப் பெயர்கள். ஆகவே பட்ட ஒற்றுமை குருதி ஒற்றுமைக்குச் சான்றாகாது. இரண்டாவது, மலாக்காச் செட்டிகளையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரையும் ஒருவராக எண்ணிவிடுதல் கூடாது. நகரத்தார்க்கு இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி முதலிய ஒன்பது நகரக் கோயில்கள் உண்டு. அக்கோயிற் பிரிவும், முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளாலாகிய விலாசமும் அவர்தம் கால்வழியைத் தெளிவாகக் காட்டும். மலாக்காச் செட்டிகளிடம் இக்கருவிகள் இல்லை. ஒருவர்க்குரிய கருவி கொண்டு மற்றவரை அளந்தால் கிடைப்பது பொய்க் குடிவழியே.

வேறொரு குறையும் உண்டு. தொடக்க காலத்து வணிகர் மலாய், சாவக, பத்தாக், சீன மகளிரை மணந்தனர். பட்டப்பெயர் தந்தையின் வழியையே சொல்லும். தாயின் வழியைச் சொல்லாது. இச்செட்டிகள் போகிநாளில் 'பார்ச்சு' என்னும் சடங்கில் வாழையிலையிட்டு முன்னோர்க்குப் படைக்கின்றனர். அவ்விலையில் அன்னையர் நாட்டுச் சுவையும் கலந்திருக்கின்றது. பட்டப்பெயர் மறந்த பாதியை அப்படையல் நினைவில் வைத்திருக்கின்றது எனலாம்.

அப்துல்லா தந்த குடிவழி

மலாக்காத் தமிழ்த் தொடர்புடைய குடும்பம் ஒன்றன் வழிமுறை எழுத்தில் கிடைப்பதற்குச் சிறந்த சான்று முன்ஷி அப்துல்லாவின் 'ஹிகாயத் அப்துல்லா' ஆகும். மலாக்காவில் 1796 இல் பிறந்த இவர் எழுதிய அந்நூல் 1849 இல் அச்சேறியது. பூட்டனார் அப்துல் காதிர் ஏமன் நாட்டினின்றும் நாகூருக்கு வந்து அங்கே மணம் புரிந்தவர். அவர் மகன் முகம்மது இபுராகிம் மலாக்காவிற்கு வந்து, மீரா லெப்பை என்பவரின் மகள் பெரி ஆச்சியை மணந்தார். அவர்க்குப் பிறந்தவர் அப்துல் காதிர்; அவர் மகனே அப்துல்லா.

இதனுள் மூன்று குறிப்புகள் அடங்கியுள்ளன. பூட்டனார் பெயரும் தந்தையார் பெயரும் ஒன்றே. பாட்டன் பெயரைப் பேரன் பெறும் வழக்கம் இங்கும் காணப்படுகின்றது. பதிவேட்டில் 'அப்துல் காதிர்' என்னும் பெயரை மட்டும் காண்பவன் இருவரையும் ஒருவராக்கி, இடையிலுள்ள தலைமுறையை விழுங்கிவிடக்கூடும். ஆண்வழிப் பெயர்களெல்லாம் அரபுப் பெயர்களாகவே நிற்க, தமிழ்த் தொடர்பை அறிவிப்பவை 'லெப்பை' என்னும் பட்டமும் 'ஆச்சி' என்னும் பெண்பெயருமே. ஆகவே பெண்ணின் பெயரைக் குறிக்காமல் விட்ட குடிவழி, தன் திறவுகோலைத் தானே எறிந்துவிட்ட குடிவழியாகும். மூன்றாவதாக, நாகூர் என்னும் ஊர்ப்பெயர் இருத்தலால் இவ்வழிமுறையை இக்கரையிலும் அக்கரையிலும் ஒப்பிட்டு நோக்க இடமுண்டு. பினாங்கில் 'மெரிக்கன்' என வழங்கும் குடிப்பெயர் 'மரைக்காயர்' என்பதன் திரிபே என்று தெளிந்ததும் இத்தகைய இருகரை ஒப்பீட்டின் பயனாகும்.

தோட்டத்துப் பதிவுகள்

மலாக்காவில் ரப்பர்ப் பயிர் டான் சாய் யான் என்பவரால் 1896 இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கப் பெற்றது. பின்னர் அவர் புக்கிட் அசகானிலும் பெருந்தோட்டம் அமைத்தார். ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகவே, தமிழ்நாட்டுச் சிற்றூர்களினின்றும் உழைப்பாளர் வந்தனர். மலாயாவிற்கு ஒப்பந்தக் கூலிமுறை 1910 இல் நீக்கப்பட்டபின் கங்காணி முறையே ஓங்கியது. தொழிலாளர்க்கு உதவித்தொகை தந்து அனுப்பும் முறையை 1938 இல் இந்திய அரசு தடை செய்தது.

கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் தன் உறவினரிடையேயுமே ஆள் திரட்டினான். தேடுவோர்க்கு இச்செய்தி மிகவும் பயன்படும். தன் பாட்டனின் ஊர் தெரியாத ஒருவர், அப்பாட்டனை அழைத்து வந்த கங்காணியின் ஊரைத் தேடலாம். அதே கங்காணியின்கீழ் வந்த வேறொரு குடும்பத்திற்கு அவ்வூர் தெரிந்திருக்கக் கூடும். ஒரு வீட்டில் குலதெய்வத்தின் பெயர் மட்டும் நிலைத்திருக்கும். மற்றொரு வீட்டில் பழைய கடித உறையில் அஞ்சல் ஊர் இருக்கும். பிறிதொரு வீட்டில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கதை இருக்கும். மூன்றையும் ஒருங்கே வைத்தால் ஊர் புலப்படும். ஆதலால் குடிவழித் தேடல் தனியொருவரால் ஆவதன்று. ஒரே லயத்தில் வாழ்ந்தோரின் மக்கள் கூடிச் செய்யவேண்டிய பணி அது.

எழுத்துச் சான்றுகளும் உள. பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, தோட்டத்துச் செக்ரோல், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியவை அவற்றுள் தலையாயவை. ஒவ்வொரு பத்திரமும் தந்தை பெயராகிய ஒரு படியைத் தரும். அப்படிகளை அடுக்கியே மேலே ஏறவேண்டும். இவற்றிலுள்ள பெயர்கள் கிராணியின் செவிக்குப் பட்டவாறு எழுதப்பட்டவை என்பதையும் மறத்தலாகாது. தமிழில் ககரம் ஒன்றே. உரோமன் எழுத்தில் அதனை இருவகையாக எழுதுவர். ழகரத்திற்கோ அங்கே எழுத்தே இல்லை. அதனால் பழனி என்னும் ஒருவன் மூன்று ஏடுகளில் மூன்று ஆளாகத் தோன்றுதல் கூடும். தமிழொலி அறிந்தவரே அம்மூவரையும் மீண்டும் ஒருவனாக்க வல்லவர். இவ்வாராய்ச்சியில் தமிழாசிரியர்க்குள்ள இடம் இதுவே.

செய்யத்தக்கன

ஒல்லாந்தர் கால மலாக்கா ஏடுகள் இலண்டனிலும் ஹேக் நகரிலும் காக்கப்படுகின்றன. தோட்டத்து ஏடுகளுக்கோ அத்தகைய காவல் எங்கும் அமையவில்லை. தோட்டங்கள் கைமாறின, பல துண்டாடப்பட்டன, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும் வீட்டு மனைகளும் வந்தன. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். நாகைக்கும் மலாயாவிற்குமிடையே ஓடிய 'ரஜூலா' கப்பலும் 1973 இல் ஓய்வு பெற்றுவிட்டது. அதில் வந்திறங்கியோரின் நினைவும் அவர்களோடு மறைந்து வருகின்றது.

ஒரு குடியின் வழிமுறையைத் தேடுவது நினா சட்டுவோடும் பெருவணிகரோடும் உறவு கொண்டாடுவதற்காக அன்று. 1511 க்கும் 1781 க்கும் இடைப்பட்ட காலத்தை வெறும் ஊகத்தால் நிரப்புவதைவிட, உழைக்க வந்த பாட்டன் ஒருவனின் ஊரை உறுதியாக அறிவது மேலான வரலாறாகும். கூலியாக வந்தான் என்பதற்காக அவன் பெயரை மறைத்த வீடுகளும் உண்டு. அம்மறைப்பே பல குடிவழிகளை அறுத்தது. பால்வெட்டி வளர்த்தவனின் பெயரைச் சொல்ல நாணுவதற்கு யாதொரு காரணமும் இல்லை.

மாசிமகத்தன்று பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு வெள்ளித்தேர் செல்லும். அவ்விழாக் கூட்டத்திலேயே பழைய தோட்டத்து மூத்தோர் பலரைச் சந்திக்கலாம். தமிழ்ப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் தாய்வழியிலும் தந்தைவழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்களை, ஊர், குலதெய்வம், தோட்டம், கங்காணி பெயர் ஆகியவற்றோடு ஒரு தாளில் எழுதி வருமாறு ஆசிரியர் பணிக்கலாம். அத்தாள்களை ஒப்பிட்டால் அறுந்த இழைகள் பல தாமே இணையும். பதிவேட்டில் இழந்த ஊர்ப்பெயர் அன்று மீண்டும் பெயருக்கு முன்னே வந்து நிற்கும். பேரன் அப்போதுதான் உண்மையிலேயே பெயரன் ஆவான்.