நங்கூரமும் தாங்கியும்

1660ஆம் ஆண்டு, புயலில் சேதமுற்ற ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் பழுதுபார்ப்பதற்காகத் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக்குடாவுக்குள் புகுந்தது. அதில் வந்த ரொபேட் நொக்ஸ் கண்டி மன்னனின் ஆட்களிடம் அகப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் தப்பிச் சென்று, 1681இல் இலங்கை பற்றிய தமது நூலை வெளியிட்டார். அந்தக் கப்பலின் மாலுமிகளுக்கு ‘ஆங்கர்’ என்பது கடலில் இறக்கும் இரும்பின் பெயர். அதை இறக்கும் செயலுக்கும் அதுவே சொல். தமிழில் அப்படி இல்லை. நங்கூரம் பெயராக மட்டுமே நிற்கும். வினை வேண்டுமானால் பாய்ச்ச வேண்டும், போட வேண்டும், இட வேண்டும். இத்தனைக்கும் நங்கூரமே பாரசீகத்திலிருந்து வந்த சொல். வந்து எத்தனையோ தலைமுறையாகியும் ‘நங்கூரித்தான்’ என்பது பேச்சில் ஏறவில்லை. ஆங்கிலச் சொல்லோடு ‘பண்ணு’ சேர்த்துப் பேசுவதைத் தமிழ் அழிவதன் அடையாளமாகப் பலர் பழிக்கிறார்கள். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்துசேர்ந்த சொற்களைப் பார்த்தால், அது தமிழ் இலக்கணம் தன் ஒழுங்கைக் காத்துக்கொள்ளும் வழி என்றே தோன்றுகிறது.

போர்த்துக்கீசர் 1624இல் இங்கே கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் பிடித்தனர். அவர்களது கடற்படைத் தளம் 1957 வரை இருந்தது. மூவரும் ஈழத்துத் தமிழில் விட்டுச்சென்றவற்றை எண்ணிப் பாருங்கள்: அலுமாரி, சாவி, மேசை, கந்தோர், கக்கூசு, பெயின்ட், லோட். எல்லாம் பெயர்கள். இஸ்திரி என்பது போர்த்துக்கீச வினையொன்றிலிருந்து பிறந்தது என்பர். அதுவும் இங்கே பெயராகி, ‘போடு’ என்ற துணையோடுதான் வினையாகிறது. ஆங்கிலத்தில் பெயராகவும் வினையாகவும் நிற்கும் ‘லோட்’, நம்மிடம் ‘ஒரு லோட் மணல்’ ஆகிறது. ஏற்றும் வேலைக்கு ‘லோட் பண்ணு’ என்கிறோம். பெயின்டை அடிக்கிறோம். ஆங்கிலமும் ஆதியில் இப்படித் தாராளமாக இருந்ததில்லை. அன்பைக் குறித்த பழைய ஆங்கிலப் பெயர் ‘லுஃபு’, அதன் வினை ‘லுஃபியன்’. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தன. இரண்டும் ‘லவ்’ என்ற ஒரே உருவாயின. வேலி விழுந்த பிறகு, எந்தப் பெயரையும் வினையாக்குவது அங்கே எளிதாயிற்று.

தமிழிலும் ‘அடி’ பெயராகவும் ஏவலாகவும் வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது, முதனிலைத் தொழிற்பெயர் என்று இலக்கணமே அதற்குப் பெயரிட்டிருக்கிறது. ஆனால் அது வினையடியாகவே பிறந்த சொல். காலம் காட்டும் இடைநிலையை நேரே ஏற்று ‘அடித்தான்’ ஆகும். கப்பலும் மேசையும் அப்படி ஆவதில்லை. இன்னொரு கேள்வி இதைவிட வலியது: யோசித்தான், ஜெயித்தான் என்று வடசொற்களை வினையாக்கிய தமிழ், ஆங்கிலச் சொல்லிடம் மட்டும் ஏன் துணைவினை கேட்கிறது? அங்கும் சொல் வெறுங்கையோடு நுழையவில்லை. யோசனை ‘யோசி’யானது, ஜெயம் ‘ஜெயி’யானது, ‘இ’ என்ற ஈறுதான் அவற்றை வினையாக்கிய முத்திரை. அது நெடுங்காலப் பழக்கத்தில் ஊறிய முறை. சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் அத்தனை பொறுமைக்கு நேரமில்லை. ‘பண்ணு’ உடனே கைகொடுத்தது. இரண்டு வழியிலும் விதி ஒன்றே: அடையாளம் இல்லாமல் பெயர் வினையாவதில்லை.

இந்த மாவட்டத்திலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. ஆங்கிலேயர் கந்தளாய்க் குளத்தையும் ‘டாங்க்’ என்றனர். சீனக்குடாவில் தாம் கட்டிய, இன்று 99 என எண்ணப்படும் எண்ணெய்க் கலன்களையும் ‘டாங்க்’ என்றனர். எரிபொருள் நிரப்புவதும் அவர்களுக்கு அதே சொல்தான். ஈழத்துத் தமிழ் குளத்தைக் குளமாகவே விட்டது. கலனை, அந்நியச் சொல்லின் ஒலி கெடாமல், ‘தாங்கி’ என்றது: தாங்கு என்ற வினையோடு ‘இ’ சேர்ந்து, தாங்குவது என்று பொருள் தரும் பெயர். யோசனையை வினையாக்கியது ஓர் ‘இ’. தாங்குதலைப் பெயராக்கியது இன்னோர் ‘இ’. ஆகவே ‘செக் பண்ணினேன்’ என்று எழுதும் மாணவனை இலக்கணம் தெரியாதவன் என்று ஆசிரியர்கள் கடிய வேண்டாம். இலக்கணம் அவனிடம் பத்திரமாக இருக்கிறது. அவனிடம் இல்லாதது ‘சரிபார்த்தேன்’ என்ற சொல். அதை அவனுக்குக் கொடுங்கள்.